ரோஸியின் ஒன்பதாவது ஈத்து

பங்காருபேட்டையில் பானிபூரிக்கு ஊற்றும் தண்ணீருக்கு நிறமே இல்லை. கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் பேருந்து நிலையத்துக்கு எதிரே விற்பவர் பச்சைப்பசேல் என்று கலக்கிக் கொடுப்பார். இங்கே குடிதண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்ததைப் பார்த்து ஏமாந்து, ஒரு பூரியை முழுசாக வாயில் போட்டேன். காரம் காது வரைக்கும் ஏறியது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே கன்னடத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் நின்ற பெண் எனக்குத் தமிழில் எடுத்துச் சொன்னாள்: "புதுசா வர்றவங்க முதல் பூரில அழுவாங்களாம். ரெண்டாவதுல சிரிப்பாங்களாம்." இரண்டாவதையும் சாப்பிட்டேன். அவர் சொன்னது சரிதான்.

நான் பானிபூரி சாப்பிட வந்தவள் இல்லை. மாடு பார்க்க வந்தவள். எங்கள் பக்கத்தில் கறவை மாடு வாங்க வேண்டும் என்றால் நிறையப் பேர் கோலார் பக்கம்தான் வருவார்கள். பெரும்பாலும் ஆண்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து வேன் பிடித்து வந்து, தரகர் காட்டும் மாடுகளைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுவார்கள். நான் தனியாக ரயிலேறி வந்ததற்குக் காரணம் ஒரு வீடியோ.

அதற்கு முன் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிட வேண்டும். எங்களுடையது வாய்க்கால் பாசனத் தோட்டம். தீவனத்துக்குப் பஞ்சமில்லை. நல்ல கொட்டகை, கழுவிவிட வசதியாக சிமெண்ட் தரை, மின்விசிறி. எல்லாம் இருந்தும் என் மாடுகள் மூன்றாவது ஈத்தை, அதாவது மூன்றாவது கன்றை, தாண்டுவதில்லை. ஒன்றுக்கு மடிநோய் வந்து இரண்டு காம்பு அடைத்துப்போனது. இன்னொன்றுக்கு எத்தனை முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. மூன்றாவது மாட்டுக்குப் பின்னங்கால் குளம்பில் ஆறாத புண். பால் இன்னும் ஏறவேண்டிய வயசில் ஒவ்வொன்றாகத் தரகரின் வண்டியில் ஏறின. நான் வாசலுக்கு வராமல் சமையலறையிலேயே நின்றுகொள்வேன்.

"போதும் சாந்தாமணி. கொட்டாயைக் காலி பண்ணிப்போட்டுத் தேங்கா மட்டை அடுக்கிக்கலாம்," என்றார் என் வீட்டுக்காரர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கடைசி மாடு போன அன்றைக்கு அவரும் சாப்பிடவில்லை.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுங்க," என்றேன்.

மாடு வாங்குபவர்கள், விற்பவர்களுக்கென்று இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில்தான் அந்த வீடியோ வந்தது. கோலார் தங்க வயலிலிருந்து சாமுவேல் என்பவர் போட்டிருந்தார். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கிடேரி, இன்னும் கன்று போடாத இளம் பசு. அதற்குப் பின்னால் வயிறு தள்ளிய ஒரு பெரிய பசு. "இது எட்டு ஈத்து போட்ட தாயோட கன்னு. தாய் இப்போ ஒன்பதாவது சினை. நம்பலன்னா நேர்ல வந்து பாருங்க," என்று குரல் சொன்னது. குழுவில் பாதிப் பேர் கிண்டல் செய்தார்கள். நான் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கிடேரியை விட தாயைத்தான் பார்த்தேன். சீமைக் கலப்பு மாடு, எட்டு ஈத்துக்குப் பிறகும் நாலு காலும் நேராக நின்றது.

பங்காருபேட்டையிலிருந்து கே.ஜி.எஃப். போகும் ரயிலைப் பானிபூரியால் தவறவிட்டேன். பேருந்தில் ஏறினேன். பாதி வழியில் டயர் பஞ்சராகி நின்றது. எல்லோரும் இறங்கிச் சாலையோரப் புளியமரத்தடியில் நின்றோம். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் கண்டக்டரைச் சுற்றி நாலு பேர் சத்தம் போட்டிருப்பார்கள். இங்கே ஒரு ஆள் தெலுங்கில் போன் பேசினார், அதை வைத்துவிட்டுக் கண்டக்டரிடம் கன்னடத்தில் விசாரித்தார், திரும்பி மனைவியிடம் தமிழில், "லேட்டாகும் போல கீது, தண்ணி குடி," என்றார். மூன்று மொழிக்கும் முகம் மாறவில்லை. சத்தியமங்கலம் சந்தைக்குத் தாளவாடி ஆட்கள் வருவதால் கன்னடம் எனக்குக் காதுக்குப் பழக்கம். வாய்க்கு வராது.

பிறகு ஒரு ஷேர் ஆட்டோ கிடைத்தது. என் மடியில் யாருடையதோ முட்டைக்கோஸ் மூட்டை. ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் இறங்கியபோது சாமுவேல் அடையாளம் கண்டு வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். பெங்களூரில் ஒரு கம்பெனியில் காவல் வேலை. தினமும் விடியுமுன் ரயிலேறிப் போய்விட்டு இருட்டியபின் திரும்புகிறவர். எனக்காக அந்த வாரம் லீவு போட்டிருந்தார்.

"இன்னாக்கா, தனியாவா வந்தீங்க? வூட்டுக்காரர் வரலையா?"

"அவருக்கு மாடுன்னாலே இப்பப் பயமுங்க."

சிரித்தார். ஒரு ஓட்டலில் ராகிக் களியும் கீரைச் சாறும் வாங்கிக் கொடுத்தார். களியை மெல்லக் கூடாது, உருட்டி விழுங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். நான் மென்றேன். பக்கத்து மேசைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அவர் அக்கா வீடு ஸ்கெலட்டனில் இருக்கிறது. எலும்புக்கூடு என்றா ஊருக்குப் பெயர் வைப்பார்கள் என்று கேட்டேன். "வெள்ளைக்காரன் வச்ச பேருக்கா. பொறந்ததுலருந்து கூப்புடறோம், எங்களுக்கு ஒண்ணும் தோணல," என்றார் சாமுவேல். சுரங்கக் குடியிருப்பின் வரிசை வீடுகள். ஒரு வீட்டுச் சுவரில் சிலுவை, அடுத்த வாசலில் மாக்கோலம். வரிசை முடியும் இடத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகை.

அங்கே கையில் சோளத்தட்டுக் கட்டோடு நின்ற பெண்தான் எஸ்தர் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. சாமுவேல் பக்கத்து லைனில் குடும்பத்தோடு இருக்கிறார். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க, வாங்க. யாரு சாமு இவங்க?"

"நம்ம ரீட்டா கன்னைப் பார்க்க வந்துகிறாங்க. கோபிச்செட்டிபாளையத்துலருந்து."

"பார்க்கவா?"

"வாங்கறதுக்கு."

தட்டுக் கட்டு கீழே விழுந்தது. "இன்னா வாங்கறது? யாரு விக்கறேன்னு சொன்னது?"

எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. அக்காவிடம் சொல்லாமலே தம்பி வீடியோ போட்டிருக்கிறார். இருவரும் என் முன்னால் சண்டை போட வெட்கப்பட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போனார்கள். தகரத்துக்கு அந்தப் பக்கம் எல்லாமே கேட்டது.

"சொல்லியிருந்தா நீ வேணான்னுவ!"

"வேணான்னுதான் சொல்லுவேன்!"

நான் ரோஸியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தாய்ப்பசுவுக்கு அதுதான் பெயர். படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. எழுந்திருக்க அவசரமே இல்லாத படுக்கை. பக்கத்தில் ரீட்டா என் புடவைத் தலைப்பை முகர்ந்து, நாக்கால் இழுத்தது.

அக்கா திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் என்னிடம் வேறு முகம். "அவன் பண்ண கூத்துக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? கன்னு விக்கறதுக்கில்லமா. ஆனா அவ்ளோ தூரத்துலருந்து வந்துட்டு உடனே போவாதீங்க. லாட்ஜெல்லாம் வேணாம். எங்கூட இருந்துட்டு ரெண்டு நாள் கழிச்சு போங்க. ரோஸி இன்னைக்கோ நாளைக்கோன்னு கீது. எனக்கும் ஒரு ஆளு தேவைதான்."

சாமுவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிடேரி கிடைக்காது என்று தெரிந்தும் நான் தங்கினேன். ஒன்பதாவது ஈத்தை நான் எங்கே பார்த்திருக்கிறேன்?

மறுநாள் காலை அக்காவோடு மாட்டு வேலை பார்த்தேன். அப்போதுதான் அவர் நடையைக் கவனித்தேன். வலது முட்டியை மடக்க முடியாமல், தூணைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்து சாணம் அள்ளினார். "முட்டி தேஞ்சு போச்சுன்னு டாக்டர் ஆபரேஷன் பண்ணச் சொல்லிக்கீறாரு. ரெண்டு மாட்டை வச்சிக்கினு எங்க போறது? பார்க்கலாம்," என்றார். நான் கூடையை வாங்கிக்கொண்டேன். அவர் விடமாட்டேன் என்று கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு விட்டார்.

கொட்டகைத் தரை மண். கெட்டியாக இடித்து, மூத்திரம் வழிந்தோடச் சரிவு வைத்து, மேலே மணல் போட்டிருந்தார். ஈரமான மணலை தினமும் அள்ளிக் கொட்டிவிட்டுக் காய்ந்ததைப் போட வேண்டும். என் சிமெண்ட் தரை இதைவிடச் சுத்தம். ஆனால் என் மாடுகள் படுக்கவே யோசிக்கும். படுத்தால் எழுந்திருக்கும்போது வழுக்கும். அதனால் நாளெல்லாம் நின்றே இருக்கும். கால் புண் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கப் பெரிய மூளை தேவையில்லை. என்ன, யோசிக்கத்தான் இல்லை.

சாயங்காலம் ரோஸியைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போனோம். வரிசை வீடுகளுக்கு அப்பால் சயனைடு மேடு தெரியும். தங்கம் பிரித்தபின் கொட்டிய மண், குன்று குன்றாகச் சாம்பல் நிறத்தில். அதன் பக்கம் மாட்டை விடவே மாட்டார் அக்கா. காற்றுக் காலத்தில் அந்தத் தூசி தீவனத்தில் படியும் என்று கழுவிப் போடுவாராம். எங்கள் ஊரில் வாய்க்கால் கரையில் எங்கே அவிழ்த்துவிட்டாலும் புல். இங்கே ஒரு பச்சையைப் பார்க்க ஒரு மைல் நடக்கவேண்டும். பச்சைக்கு நடுவில் இருக்கும் என் மாடு மூன்று ஈத்து, இந்தக் காய்ந்த பூமியில் எட்டு.

"எப்படீங்கக்கா?" என்று கேட்டேவிட்டேன்.

"இன்னா எப்படி? எனக்கு மட்டும் தெரியுமா?" என்றார். "இதுக்கு முன்னாடி ஒண்ணு வச்சிருந்தேன். கல்யாண மண்டபத்துல மிச்ச சோறு குடுப்பாங்க. மாடு நல்லா துண்ணுதேன்னு அள்ளி அள்ளி வச்சேன். வயிறு கெட்டு, காலு வீங்கி, ரெண்டாவது ஈத்துலயே போய்ட்டுது. நான்தான் கெடுத்தேன். ரோஸியோட மூத்த பொண்ணு சாமுவோட மாமியார் வூட்டுக்குப் போச்சு. அதே ரத்தம். கன்னு போடற நாள் வரைக்கும் கறந்தாங்க, வத்த வுடவே இல்ல. அதுவும் ரெண்டு ஈத்துதான். ஒண்ணா இருந்தா சொல்லிடலாம்மா. தீனி, காலு, மடி, வெயிலு, சினை, எல்லாம் சேர்ந்துதான். கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேணும்."

தான் எதையெல்லாம் விடாமல் செய்கிறார் என்பதையும் நடந்துகொண்டே சொன்னார். கன்று போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே, பால் இருந்தாலும் கறப்பதை நிறுத்திவிடுவார். சாமுவேல் திட்டுவாராம், நல்ல பாலை வீணாக்குகிறாய் என்று. கிடேரி பருவத்துக்கு வந்தாலும் உடம்பு தேறும் வரை ஊசி போடவிடமாட்டார். ரீட்டா முதல் தடவை பருவத்துக்கு வந்து கத்தியபோது ஊசி போடாமல் விட்டுவிட்டார். அதற்கும் ஒரு சண்டை. ரோஸி ஒருநாளும் என் மாடுகள் அளவுக்குக் கறந்ததில்லை. அவை போட்டி மாடுகள் மாதிரிக் கறந்தன. நானும் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அப்படிக் கறக்கும் மாட்டுக்கு அதற்கேற்ற தீனியும் ஓய்வும் கொடுத்தேனா என்றால், தீனி கொடுத்தேன்.

மூன்றாம் நாள் விடியும்போது ரோஸி கன்று போட்டது. யாரும் இழுக்கவில்லை, யாரும் தொடவில்லை. நாங்கள் இருவரும் காபி டம்ளரோடு நின்று பார்த்தோம். கிடேரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. தாய் நக்கி நக்கி நிமிர்த்தியது. எஸ்தர் அக்கா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். நானும் எதற்கென்று தெரியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நஞ்சுக்கொடியும் சீக்கிரமே விழுந்தது. எல்லாம் நன்றாக முடிந்தது என்று இட்லி சாப்பிட்டோம்.

மதியத்துக்கு மேல் ரோஸி தீனி எடுக்கவில்லை. களைப்பு என்றார் அக்கா. எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. நின்ற இடத்திலேயே பின்னங்கால் தள்ளாடியது. காதைத் தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

"அக்கா, காது சில்லுன்னு கிடக்குது."

அவர் தொட்டுப் பார்ப்பதற்குள் ரோஸி மடிந்து உட்கார்ந்தது. பிறகு கழுத்தைத் திருப்பித் தலையை விலாவோடு சாய்த்துக்கொண்டது. தட்டினோம், பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. என் இரண்டாவது மாட்டுக்கு ஒருமுறை இப்படி ஆகியிருக்கிறது. பால் காய்ச்சல் என்பார்கள். பேர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துதான் போகும். பால் சுரக்கும் வேகத்தில் உடம்பிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தெல்லாம் மடிக்கு இறங்கிவிடும். வயசான மாட்டுக்கு அதிகம் வரும். நரம்பில் கால்சியம் ஏற்றினால் எழுந்துவிடும். தாமதமானால் எழாது.

"எங்கூட்டு மாட்டுக்கு இதே மாதிரி ஆச்சுங்கக்கா. டாக்டருக்குப் போன் பண்ணுங்க, இப்பவே," என்றேன்.

உள்ளூர் டாக்டர் விடுப்பில் இருந்தார். சாமுவேல் பக்கத்து ஊர் டாக்டரைப் பிடித்தார். அவர் காரில் கிளம்பினார். வழியில் பாறாங்கல் ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. போன் வந்ததும் சாமுவேல் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தார்.

மாடு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால் வயிறு உப்பி மூச்சு அடைத்துவிடும். நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். எங்கள் இருவரால் முடியாது. பக்கத்து வீட்டு கோபால் மாமாவைக் கூப்பிட்டோம். சுரங்கத்தில் கூரை சரியாமல் மரத்தாங்கல் கொடுக்கும் வேலை பார்த்தவர், எழுபது வயசு, பென்ஷன்காரர். வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு கழியும் வைக்கோல் அடைத்த கோணிகளும் கேட்டார். "நான் சொல்றப்போ தள்ளுங்க. அவசரம் வேணாம். சுரங்கத்து லெவல்ல பாறை நவுத்தற மாதிரிதான்," என்றார். தள்ளினோம். அக்கா வலிக்கிற முட்டியை மண்ணில் ஊன்றித் தோளால் முட்டுக் கொடுத்தார். ரோஸி நிமிர்ந்தது. இரண்டு பக்கமும் கோணிகளை அணைத்து வைத்தோம்.

பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. அக்கா ரோஸியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"எங்க வூட்டுக்காரர் தவறுன வருஷம் இதுக்கு மூணாவது ஈத்து. அழுதுகினு படுத்துனு இருப்பேன். இது கத்தும். எழுந்து வந்து கறந்துதானே ஆவணும்? அப்படித்தான் எழுந்தேன்."

என் கையும் ரோஸியின் முதுகில்தான் இருந்தது. கோணியால் தேய்த்துக்கொண்டே இருந்தேன், சூடு வரட்டும் என்று.

பைக் சத்தம் கேட்டது. சாமுவேலுக்குப் பின்னால் ஒரு இளம்பெண், மடியில் பை, இரண்டு கையிலும் பாட்டில்கள், சுடிதார் முழுக்கச் செம்மண். லாரிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் நுழைந்து வந்திருக்கிறார். இறங்கும்போதே கன்னடத்தில் திட்டிக்கொண்டே இறங்கினார். எனக்குப் புரிந்தவரை இப்படி: "அந்த டிரைவர் என்னிடம் வழி கேட்கிறான்! வழியை அடைத்துக்கொண்டு நிற்பவன் வழி கேட்கிறான்!" அந்த நிலைமையிலும் கோபால் மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டர் ஷில்பா கண்ணைப் பார்த்தார், காதைத் தொட்டார், கேள்வி கேட்காமல் பாட்டிலை வெந்நீரில் வைக்கச் சொன்னார். வெதுவெதுப்பானதும் கழுத்து நரம்பில் ஊசி ஏற்றினார். பாட்டிலை என்னிடம் கொடுத்து, "இந்த உயரம்தான். தூக்காதீங்க," என்றார். ஒரு கையால் ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்து இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். கை கடுத்தது. அக்கா வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். சாமுவேல் கொட்டகை வாசலில் முதுகைக் காட்டி நின்றார்.

முதலில் தோள் சதை துடித்தது. அப்புறம் பெரிய ஏப்பம் ஒன்று. அப்புறம் சாணம் போட்டது. சாணத்தைப் பார்த்து ஐந்து பெரியவர்கள் அப்படிச் சந்தோஷப்பட்டதை வேறெங்கும் நான் கண்டதில்லை. ஊசியை எடுத்துக் கொஞ்ச நேரம் ஆனதும் கன்று கத்தியது. ரோஸி தலையைத் தூக்கியது. முன்னங்காலை ஊன்றியது, சறுக்கியது, மண்ணில் குளம்பு பிடித்துக்கொண்டது, எழுந்து நின்றேவிட்டது.

"கேஜ் மேல வந்துட்டுது!" என்று கத்தினார் கோபால் மாமா. சுரங்கத்திலிருந்து ஆட்களைத் தூக்கிவரும் கூண்டை அப்படிச் சொல்வார்கள்.

எஸ்தர் அக்கா எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. முட்டி அவரைத் தூக்கிவிடவில்லை. நானும் சாமுவேலும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார், பாதி கன்னடம், பாதி தமிழ். சீம்பாலை இன்றும் நாளையும் ஒட்டக் கறக்காதீர்கள். திரும்ப விழுந்தால் உடனே கூப்பிடுங்கள். இந்த ஈத்துப் பாலைத் தாராளமாகக் கறக்கலாம். ஆனால் இதுதான் கடைசி ஈத்து. இனி சினைக்கு விட்டால் அடுத்த தடவை எழுவது நிச்சயமில்லை. "ஒன்பது ரொம்ப பெரிசு அம்மா. ரெஸ்ட் குடுங்க அவளுக்கு."

"குடுக்கறேன் டாக்டரம்மா. கண்டிப்பா குடுக்கறேன்," என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

டாக்டரைக் காரில் விட்டுவிட்டு வந்த சாமுவேல் உட்காரவில்லை. அக்கா முன்னால் வந்து நின்றார்.

"மாட்டுக்கு ரெஸ்ட் குடுன்னு சொன்னா ஒரே வார்த்தைல ஒத்துக்கின. வருஷா வருஷம் ரெண்டு மாசம் வத்த வச்ச. பால் போனாலும் பரவால்லன்ன. உனக்கு ஆபரேஷன் சொல்லி எவ்ளோ நாளாச்சு? போன மாசம் இங்கியே வழுக்கி வுழுந்து கிடந்த. நான் பெங்களூர்ல நின்னுனு கீறேன். கோபால் மாமா போன் பண்ணித்தான் தெரியும். ரயில்ல வர்ற வரைக்கும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அதுக்குத்தான் ரீட்டாவை அனுப்பிடலாம்னு பார்த்தேன். வேற எதுக்கு?"

பெரிய மீசை வைத்த மனிதர், காவல்காரர், குழந்தை மாதிரி முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

ரோஸி கன்றை நக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"இத்த அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்றார் அக்கா கடைசியில்.

"சொன்னா நீ கேப்பியா?"

"கேக்க மாட்டேன்தான்."

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அவர்கள் அக்கா தம்பி என்பது அப்போதுதான் ஜாடையில் தெரிந்தது.

மறுநாள் காலை அக்காவே என்னிடம் பேச்சை எடுத்தார். பிறந்திருக்கும் கிடேரியைத் தான் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அது பெரிதாகிக் கறவைக்கு வருவதற்குள் ஆபரேஷன் முடிந்து நன்றாக நடந்துவிடலாம். அதுவரை ரோஸியின் பாலை சாமுவேலின் மனைவி கறப்பார். ரீட்டாவை நான் கொண்டுபோகலாம். விலை சாமுவேலோடு பேசி முடித்தோம், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

"ஏனுங்கக்கா, எம்மேல நம்பிக்கை இருக்குதுங்களா? நான் மூணு மாட்டைத் தொலைச்சவ," என்றேன்.

"காது ஜில்லுன்னு கீதுன்னு எனக்கு முன்னாடி நீங்கதானே சொன்னீங்க?" என்றார். "நான் களைப்புன்னு வுட்டிருப்பேன்."

வீட்டுக்காரருக்குப் போன் செய்து நடந்ததெல்லாம் சொன்னேன். மாட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை அவர். "மணல் எத்தனை யூனிட் சொல்லட்டும்?" என்று மட்டும் கேட்டார்.

மினி லாரி வந்தது. டாக்டர் ஷில்பா பார்த்து, பயணத்துக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்தார். ரீட்டா பலகையில் ஏற மறுத்தது. டிரைவர் வாலை முறுக்கப் போனார். எஸ்தர் அக்கா அவர் கையைத் தட்டிவிட்டு, பக்கத்துத் தடுப்பைப் பிடித்துப் பிடித்து, சாமுவேல் தாங்க, முதலில் தானே லாரியில் ஏறி நின்றார். ரீட்டா ஒரு நிமிஷம் பார்த்தது. பிறகு தானாகவே பின்னால் ஏறிப் போய் அவர் தோளில் மூக்கை வைத்தது.

அவர் இறங்கிய பிறகு சொல்ல நான் சில வார்த்தைகள் யோசித்து வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டு, "போயி சேர்ந்ததும் போன் பண்றேனுங்கக்கா," என்றேன்.

"சாமுவுக்குப் பண்ணுங்க," என்றார். "எனக்கு ரீட்டா நாலாவது ஈத்து போட்ட அன்னைக்குப் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி வேணாம். நான் காத்துனு இருப்பேன்."

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கொட்டகைக்குள் போய்விட்டார். மாடு போகும்போது சமையலறையில் நின்றுகொள்ளும் என் வழக்கத்தை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் நடக்கிறாராம். ரோஸி இன்னும் கொஞ்சம் கறக்கிறதாம். சாமுவேல்தான் சொல்கிறார், ரயிலில் போகும் நேரத்தில். ரீட்டா போன மாதம் முதல் ஈத்து போட்டது. மணலில் படுத்து அசை போடுகிறது. என் வீட்டுக்காரர் தினமும் காலையில் அதன் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கப் போகிறார். எஸ்தர் அக்காவின் எண் என் போனில் இருக்கிறது. நாலாவது ஈத்துக்கு மூன்று பாக்கி. இன்னும் அழைக்கவில்லை.